நடுவில் ஒரு பெட்டி

மனைவியை வேவு பார்க்கும் பெட்டி அவன் மடியில் இருந்தது. உள்ளங்கை அகலம்தான்.

சர்வர் ரூமில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. ஆனாலும் முதலாளி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“உன் கையாலேயே மாட்டச் சொல்றேன்னு வருத்தப்படாத தம்பி. இங்க நெட்வொர்க் பாக்குறவன் நீ ஒருத்தன்தான்.”

“அவ அப்படிச் செய்யமாட்டாய்யா.”

“நம்ம டெண்டர் விலை போட்டிக் கம்பெனிக்குப் போயிருக்கு. கணக்குப் பிரிவு லைன்லேருந்து போயிருக்கு. அந்த லைன்ல இருக்கிறது உன் பொண்டாட்டி மட்டும்தான். என் மாப்பிள்ளை நேத்தே போலீசுக்குப் போலாம்னார். கையும் களவுமா பிடிச்சுட்டுப் போவோம்னு நான்தான் சொன்னேன்.”

கண்ணாடிக்கு அப்பால் அவள் குனிந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“எப்படி மாட்டுவே?”

“ரெண்டு வழி இருக்கு. அந்த லைன்ல போறதுக்கெல்லாம் ஒரு நகல் பெட்டிக்கு அனுப்புன்னு, எல்லா வயரும் வந்து சேர்ற இந்த சுவிட்சுக்குச் சொல்லிடலாம். யாருக்கும் தெரியாது. இல்லேன்னா வயரைக் கழற்றி, நடுவுல பெட்டியைச் சொருகணும். கொஞ்ச நேரம் லைன் செத்துப்போகும்.”

“நகலே போதும். லைனைத் தொடவே வேண்டாம்னு மாப்பிள்ளையும் படிச்சுப் படிச்சுச் சொன்னார்.”

“நகல்ல சிலது விட்டுப்போகும். நடுவுல உக்காந்தா ஈ எறும்புகூடத் தப்பாது.”

“பொண்டாட்டியை மாட்டிவிட இவ்வளவு அவசரமா?”

“நாளைக்கு அவமேல யாரும் அரைகுறையா விரல் நீட்டக் கூடாதுய்யா.”

முதலாளி யோசித்தார். “சரி, கழற்று.”

‘கணக்கு’ என்று சீட்டு ஒட்டிய வயரைப் பிடித்தான். சீட்டில் அவன் கையெழுத்து; ஓரம் மட்டும் பிய்த்து ஒட்டியதுபோல் சுருண்டிருந்தது. கிளிப்பை அழுத்தினான். வியர்த்த விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தி இழுத்தான். பச்சை விளக்கு அணைந்தது.

லைன் போனால் ஊரைக் கூட்டுகிறவள் அவள். இப்போது நிமிரக்கூட இல்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

“பாத்தியா, மூச்சு விடலை” என்றார் முதலாளி. “மடியில கனம்.”

சுவரில் இண்டர்காம் அலறியது. அவன் இரண்டு கையிலும் வயர். முதலாளி எட்டி ஸ்பீக்கரைத் தட்டினார்.

மேல்மாடியிலிருந்து மாப்பிள்ளை.

“யாருய்யா அங்க, என் லைனைப் பிடுங்கினது?”