மைதானத்து வெளிச்சம்

வெள்ளிக்கிழமை மாலை. வகுப்பறையின் ட்யூப்லைட்டுகள் கெட்டு மாதக்கணக்காகிறது. கால்பந்து மைதானத்து விளக்குகள் சன்னல் வழியே கொட்டும் வெள்ளை வெளிச்சத்துக்கு மேசையை இழுத்துப்போட்டு, வேதியியல் ஆசிரியை வெர்லீன் விடைத்தாள் திருத்துகிறாள். துடைப்பத்தோடு வந்த துப்புரவாளர் ஓட்டிஸ் கதவில் சாய்ந்து நிற்கிறார். "லைட்ட எப்பதான் மாத்துவீங்க, ஓட்டிஸ்?" "பள்ளிக்கூடத்துல காசு இல்லையாம் டீச்சர். ஃபுட்பால் கோச்சுக்கு மட்டும் சம்பளத்த ஏத்தியாச்சு. அந்தச் சம்பளத்துல உங்கள மாதிரி மூணு டீச்சர வேலைக்கு எடுக்கலாம்." "ஒருத்தி படுற பாடே போதும்." டெக்சஸ் புழுக்கத்தில் அவள் விரல்களில் தாள் ஒட்டுகிறது. வெளியே கூட்டம் அலறுகிறது; டிரம் அதிர்வில் சிவப்புப் பேனா மெல்ல உருள்கிறது. ஓட்டிஸ் சன்னலுக்கு ஓடுகிறார். "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. நம்ம பசங்க ஜெயிச்சிருவாங்க!" ஆட்டம் முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். வெர்லீன் இன்னும் திருத்தாத விடைத்தாள் கட்டைப் பார்க்கிறாள். "கடவுளே, சமமா முடியட்டும்" என்கிறாள். "கூடுதல் நேரம் ஆடுவாங்க இல்ல?"