பிடரியில் நாய்

சிப்பி கிழித்த முன்காலைத் தூக்கிக்கொண்டு நாய் பாறைமேல் நிற்கிறது. நாட்கணக்காய்க் கரையோரமே நடந்துவந்த நண்பர்கள் மூவருக்கும் பின்னால் மணல்பாதையைக் கடல் விழுங்கிவிட்டது. இனி முன்னாலிருக்கும் செங்குத்துப் படிகள்தான் வழி. மூவரில் மூத்தவரான கொத்தனார் எல்லார் பையையும் மாட்டிக்கொண்டு முன்னே ஏறுகிறார். வலியில் நாய், வளர்த்தவனைத் தவிர யார் கை பட்டாலும் உறுமுகிறது. வளர்த்தவன் லோடுமேன்; முதுகு போய் வேலையை விட்டவன். அவன் தலைத்துண்டை அவிழ்த்துப் பிடரியில் மடித்துப் போடுகிறான். "டேய், குடம்கூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?" என்று டிரைவர் கத்துகிறான். "குடத்தைத்தானே சொன்னாரு? நாயைப் பத்தி வாயே திறக்கலையே." குந்தி உட்கார்ந்து, நாயைப் பிடரியில் போட்டு, நாலு காலையும் மார்போடு சேர்த்துப் பிடித்து எழுகிறான். இடுப்பில் சுரீரென்று இழுக்கிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறான். மூட்டையென்றால் போட்டபடி கிடக்கும். இது நெளிகிறது, உதைக்கிறது, நடுவில் அவன் காதோரத்து வியர்வையை நக்குகிறது. ரத்தம் சட்டைப் பொத்தானில் சொட்டுகிறது. மாலை வெயில் மேல்படிகளில் மட்டும் மிச்சமிருக்கிறது. பாதியில் அவனுக்குத் தொடை நடுங்குகிறது. "இறக்கி வச்சுட்டுக் கொஞ்சம் உட்காருடா," என்கிறான் பின்னால் வரும் டிரைவர். "இங்க இறக்கினா மறுபடி ஏத்த முடியாது. பேசாம வா." கீழே அலை முதல் படியை நனைக்கிறது. அவன் அடுத்த படியை மட்டுமே பார்க்கிறான். சட்டென்று பிடரியில் கனம் குறைகிறது. டிரைவரின் இரண்டு கைகளும் பின்னாலிருந்து நாயைத் தாங்குகின்றன. லோடுமேன் உறுமலை எதிர்பார்த்து நிற்கிறான். காதருகே நாயின் மூச்சு மட்டும்தான் கேட்கிறது. "என்ன பாக்குற? ஏறு," என்கிறான் டிரைவர். அவன் ஏறுகிறான்.