ஜன்னலோர மேசை

சாப்பாட்டுக் கடை வாசல்வரை வந்த இருவரும் கைபேசியைப் பார்த்தார்கள். ஏதோ பேசிக்கொண்டார்கள். திரும்பி நடந்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் கடைக்காரி சபேலா. "ஐஸ் மேல மீன் கண்ணை முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு. அதைப் பாக்கல. போனைப் பாத்துட்டுப் போறாங்க."

ஜன்னலோர மேசையில் வழக்கமான மூன்று பேர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அமாரோ, முடிதிருத்தும் ஃபூகோ, மருந்துக்கடை எலாடியோ. நடுவே மரத்தட்டில் எண்ணெய் விட்டு மிளகாய்ப் பொடி தூவிய ஆக்டோபஸ். மூவருக்கும் சேர்த்து அந்த ஒரு தட்டுதான்.

"போனா போகட்டும் விடு," என்றான் ஃபூகோ. "பின் தெருவுல ரமோனா கடை என்னாச்சு? ஊர் சுத்த வந்தவன் எவனோ போன்ல புகழ்ந்து தள்ளினான். இப்ப வாசல்ல வரிசை. நாம போனா உட்கார இடமில்ல. மீனும் ஃப்ரீசர்லேருந்து வருது."

"இங்கயாவது நிம்மதியா சாப்பிடறோம்," என்றார் எலாடியோ.

"நீங்க நிம்மதியாத்தான் சாப்பிடறீங்க. ஒரு தட்டை வச்சுக்கிட்டு மத்தியானம் முழுக்க." சபேலா கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கோடையோட கடையை மூடிடறேன். கட்டடச் சொந்தக்காரர்கிட்ட வெள்ளிக்கிழமை சொல்லிடப் போறேன்."

ஆக்டோபஸ் துண்டைக் குத்திய அமாரோவின் பல்குச்சி பாதி வழியில் நின்றது.

"விளையாடாதே."

"விளையாட்டா? நம்ம வீகோ துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலா ஜனம் வந்து இறங்குது. நல்ல மீன் எங்க கிடைக்கும்னு தெருத் தெருவா அலையுது. என் வாசல்வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுது. ஏன்னு புரியாம இருந்தேன். நம்ம கடையைப் பத்திப் போன்ல எழுதிப் போட்டிருக்கறதை நேத்து என் மக காட்டினா."

கைபேசியை எட்டப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"'ஆக்டோபஸா, பழைய டயரா, தெரியவில்லை.' 'மத்தி மீன் நாற்றம் மறுநாளும் கையை விட்டுப் போகவில்லை.' 'சமைக்கிற அம்மா சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை.' இன்னும் இருக்கு. எவனும் சொந்தப் பேரைப் போடல."

"அந்த மூணாவது நிஜம்தான்," என்றான் ஃபூகோ.



"விடியறதுக்கு முன்னாடி மீன் ஏலத்துக்குப் போறேன். ஒவ்வொரு மீனையும் செவுளைத் தூக்கிப் பாத்துதான் வாங்கறேன். டயருங்கறாங்க." அவள் குரல் இறங்கியது. "உண்மையைச் சொல்லுங்க. எனக்குக் கைப்பக்குவம் போயிடுச்சா? பழகின தோஷத்துக்கு நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

"யாரு சொன்னா?" அமாரோ மேசையைத் தட்டினான். குடிக்கிற பீங்கான் கிண்ணத்தில் வைன் தளும்பியது. "இந்தத் துறைமுகம் பூரா தேடினாலும் உன் கை கிடைக்காது. எழுதினவன் எவன்னு மட்டும் தெரியட்டும், கிரேன்ல மாட்டித் தொங்க விடறேன்."

"வெட்கங்கெட்டவங்க," என்றார் எலாடியோ.

"ஒருத்தர் எழுதினா பொறாமைன்னு விட்டுடலாம். ஆளாளுக்கு எழுதியிருக்காங்களே." சபேலா கைபேசியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை.

எலாடியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபூகோ தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமாரோ மேசைக்கு அடியில் கைபேசியைத் திறந்தான். ரமோனா கடை வாசலில் வரிசை நின்ற வாரத்தில் தான் எழுதியிருந்த அந்தப் பழைய டயர் வரியைத் தேடி எடுத்து, அழித்தான்.

நிமிர்ந்தபோது மற்ற இருவருடைய கைகளும் கைபேசியோடு மேசைக்கு அடியில்தான் இருந்தன.

முதுகுப் பையோடு ஒரு வெளியூர் ஜோடி வாசலில் வந்து நின்றது. கண்ணாடி வழியே ஐஸ் மேலிருந்த மீனைக் குனிந்து பார்த்தது.

அமாரோ ஜன்னலோர மேசையைக் காலியாக்கிவிட்டு, மரத்தட்டைத் தூக்கிக்கொண்டு, அடுக்களையை ஒட்டிய மூலை மேசைக்குப் போனான். மற்ற இருவரும் வைன் கிண்ணங்களோடு பின்னால் போனார்கள்.