லாரியில் ஏறாத கார்

கோயம்புத்தூர் பழைய கார் கிளப்பிலிருந்து ஜாபரும் திருமூர்த்தியும் லாரியோடுதான் குன்னூருக்கு வந்திருந்தார்கள். அறுபது வயது இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வருகிறவர்கள் வேறெப்படி வருவார்கள்? காரின் சொந்தக்காரி பிலோமினா லாரியை வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தச் சொன்னாள்.

"இந்தக் கார் எதுமேலயும் ஏறிப் போனதில்ல தம்பி. ஓட்டிட்டுப் போறவங்களுக்குத்தான் சாவி."

"மலைப்பாதை மேடம். வழியில நின்னுட்டா?" என்றார் ஜாபர்.

"நின்னா வேண்டாம்னு சொல்லிருங்க. நானே வச்சுக்கறேன்."

வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? தரையோடு தரையாக இருக்கும் அந்த சீட்டில் உட்கார அவள் முழங்கால் இப்போது மடங்குவதில்லை. போன மாதம் வந்தவர்களும் இதே பேச்சில் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

திருமூர்த்தி காருக்குள் இறங்கி உட்கார்ந்தான். பிரேக்கை மிதித்தால் ஷூவின் ஓரம் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்தது. பெடல்கள் அவ்வளவு நெருக்கம். வெளியே வந்தான். படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான், சாக்ஸையும்.

இத்தனை வருடமும் வெறுங்காலோடு ஓட்டிய பிலோமினா, கைக்குள் பொத்தி வைத்திருந்த சாவியை நீட்டினாள்.

திருமூர்த்தி சாவியைத் திருப்பியதுமே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கார் கேட்டைத் தாண்டி இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் கியர் மாறி, சத்தம் திரண்டு, பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்து மேலே வந்தது. பிலோமினா அந்த ஷூக்களை எடுத்து ஜாபரிடம் கொடுத்தாள்.

"ஏத்தித்தான் ஆகணும்னா இத ஏத்துங்க."

பின்னாலேயே லாரியும் இறங்கிப் போனது. காரைக் கட்டக் கொண்டுவந்த அகலமான பட்டைகளுக்கு நடுவே, அசையாமல், ஒரு ஜோடி ஷூ.