கண்ணில் படக்கூடாத நிறம்

காவல் நிலையத்துக்கு விசாரணைக்குப் போன மகன் ஜெபசிங் பிணமாகத்தான் வீடு திரும்பினான். கேட்க நாதியில்லை. அமைச்சர் குற்றாலத்துக்கு வருகிறார் என்றதும், தங்கபுஷ்பம் வாயில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அருவிச் சாலையோரம் வந்து நின்றாள். அவர் ஒரு தரம் என்னவென்று கேட்டால் போதும்.

சப்-இன்ஸ்பெக்டரம்மா ஓடி வந்தாள்.

"யம்மா, அய்யா கண்ணுல இன்னைக்குக் கறுப்பே படக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

சொல்லிக்கொண்டே துணியை அவிழ்த்து எறிந்தாள். கார்த்திகைத் தூறலுக்கு ஊர்க்காரர்கள் பிடித்திருந்த கறுப்புக் குடைகளும் ஜீப்பில் ஏறின.

"வீட்டுல எருமை நிக்குதே, அதையும் ஏத்துதியளா?" என்றார் கடலைக்கடை பாண்டித்துரை.

"அண்ணாச்சி, வாய மூடுங்க!"

கார் வந்து நின்றது. அமைச்சர் இறங்கினார். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, தோளில் கறுப்புத் துண்டு.

சப்-இன்ஸ்பெக்டரம்மா விறைப்பாகச் சல்யூட் அடித்தாள்.

தங்கபுஷ்பத்தின் வாயில்தான் இப்போது கட்டு இல்லையே.

"அய்யா!" என்று கூப்பிட்டாள். அமைச்சர் நின்றார்.

"ஒங்க வீட்டுலயும் பிள்ளைய விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனாவளா?"