கன்னத்துப் புண்

புகையிலைப் பொட்டலத்தில் எச்சரிக்கையாக அச்சிட வேலப்பனின் கன்னத்துப் புண்ணைப் படம் பிடித்திருந்தார்கள். "கொஞ்சம் குறைச்சிடுங்க, ஜனங்க பயந்துடுவாங்க" என்றார் கூட்டத்துக்கு வந்த கம்பெனிக்காரர். சுகாதாரத் துறை அதிகாரி உடனே தலையாட்டினார். பயப்படத்தானே படம் என்று பொட்டலத்தை வடிவமைக்கும் ஜெசிந்தாவுக்கு வாய்வரை வந்தது. கணினியில் புண்ணைச் சுருக்கினாள். அடுத்த கூட்டம் முடிந்ததும் சீழைத் துடைத்தாள். அதற்கடுத்து ஓட்டையை அடைத்தாள். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கடைசியில் கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. அச்சுக்குப் போகுமுன் பார்க்க வந்த வேலப்பன், வாயைத் துண்டால் பொத்தியபடி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதுல பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்கம்மா" என்றார். "மாலை போடுறதுக்கு வீட்டுல நல்ல படம் இல்ல."