வடக்கெல்லையில் ஓர் எருமை

சார்பதிவாளர் நாற்காலியில் அவருக்குப் பதில் ஒரு பேசும் இயந்திரம் இருந்தது. எதிர் பெஞ்சில் பரிமளமும் மகள் தேவகியும், ஓரத்து ஸ்டூலில் பத்திர எழுத்தரான நானும் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் தன் இருதய அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன் வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்பது பரிமளத்தின் பிடிவாதம்.

இயந்திரம் மூலப்பத்திரத்தைத் தேடியெடுத்து வாசித்தது. "வடக்கெல்லை, சுடலையாண்டியின் எருமை கட்டுமிடம். எருமை இப்போது எங்கே?"

"அது செத்து எம்பது வருசமாச்சு ராசா," என்றாள் பரிமளம்.

"அப்படியானால் எருமையின் வாரிசுச் சான்று தேவை."

"வீடு கெடக்கட்டும். நீ ஆபரேஷனுக்கு வாம்மா," என்றாள் தேவகி.

"நான் போய்ச் சேந்துட்டா நீயும் வாரிசுச் சான்றுக்கு அலையணும்டி. அதவிட எருமைக்கு வாங்குறது சுலபம்." பரிமளம் என் பக்கம் திரும்பினாள். "டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதுங்கண்ணே. எருமை சான்று வர்ற வரைக்கும் என் நெஞ்சுல கை வைக்க வேண்டாம்னு."

சொன்னபடியே எழுதினேன். அவளே உறையை ஒட்டி, மகள் கையில் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.